நாற்பத்தொன்பதாவது கொடி

உங்கள் வாக்குமூலப் படிவத்தில் ‘உறவுமுறை’ என்ற கட்டம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. ‘கையொப்பம்’ என்பதற்கு மட்டும் கால் பக்கம் விட்டிருக்கிறீர்கள். இதைத் தயாரித்தவர் எதை எங்கே எவ்வளவு எழுத வேண்டியிருக்கும் என்று யோசிக்காமலே கோடு போட்டிருக்கிறார். அது அவர் தப்பும் இல்லை. யோசிக்காமல் கோடு போடுகிறவர்களை வைத்துத்தான் எல்லா அலுவலகமும் நடக்கிறது.

நான் நிதானமாகவே சொல்கிறேன். நீங்கள் எழுதும் வேகம் எனக்குப் புரிந்துவிட்டது. நடுவில் ஏதாவது விளங்கவில்லை என்றால் தலையாட்டாதீர்கள், கேளுங்கள். விளங்காமல் தலையாட்டுகிறவர்களோடு இருபத்தாறு வருஷம் வேலை பார்த்துவிட்டேன்.

தாவர ஆராய்ச்சி நிலையத்தில் கணக்குப் பிரிவுக்கு நான்தான் தலைவன். கணக்கு என்றதும் சம்பளப் பட்டியல் என்று நினைக்காதீர்கள். எங்கள் வாசல் காவலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஒவ்வொரு மாதக் கடைசியிலும் எனக்கு மட்டும் எழுந்து நின்று வணக்கம் வைப்பார். என் வேலை வேறு. ஒரு செடிக்கு முள் வந்தபோது கூடவே இலையும் சிறுத்ததா, கிழங்கு பருத்தபோது கொடியும் நீண்டதா, இரண்டு குணங்களும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு மாறினவா, அல்லது சும்மா பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றனவா என்று கணக்குப் போட்டுச் சொல்வது.

இதில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்றுதான். ஒரு தெருவில் நாற்பது பேர் இடது கைக்காரர்கள், நாற்பது பேருக்கும் வழுக்கை என்று வையுங்கள். இடது கையால் எழுதினால் முடி கொட்டும் என்று முடிவு கட்டிவிடுவீர்களா? கட்டிவிடுவீர்கள், எனக்குத் தெரியும். விசாரித்தால் நாற்பது பேரும் ஒரே தாத்தாவின் பேரன்களாக இருப்பார்கள். தாத்தாவுக்கு இடது கைப் பழக்கம், தாத்தாவுக்கு வழுக்கை. நடந்தது ஒரே ஒரு தடவை. நீங்கள் அந்த ஒரு கிழவரை நாற்பது தடவை எண்ணியிருக்கிறீர்கள். செடிகளும் அப்படித்தான். அவற்றுக்கும் தாத்தா உண்டு, பங்காளி உண்டு. உறவுக்காரர்களைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணக் கூடாது. எங்கள் இயக்குநருக்கு இதை விளக்க எனக்கு எட்டு வருஷம் ஆனது. இப்போதும் நான் பேச ஆரம்பித்தால் அவர் கைக்கடிகாரத்தைத் துடைக்க ஆரம்பிப்பார்.

இதற்கு வழி கழித்தல். செடிகளின் வம்சத்தை மரமாகப் போட்டு, கிளை இரண்டாகப் பிரிகிற ஒவ்வொரு கவையிலும் நிற்கிற இரண்டு உடன்பிறப்புகளை எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். முன்னோரிடமிருந்து இருவருக்கும் வந்தது அடிபட்டுப் போகும். மிஞ்சுவது அவரவர் சொந்தச் சம்பாத்தியம். அந்த மிச்சங்களைத்தான் எண்ணலாம். இதையே பேசிக்கொண்டிருந்ததால் நிலையத்தில் எனக்குக் ‘கழித்தல்’ என்று பெயர். நேரில் யாரும் சொன்னதில்லை. அதற்கும் தைரியம் வேண்டுமே.

என் தம்பிக்குக் ‘கிழங்கு’ என்று பெயர். அதை அவன் முகத்துக்கு நேரேயே சொல்வார்கள், அவனும் இளித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பான். வெளிக்களப் பிரிவின் தலைவன் அவன். காட்டுக் கிழங்குகளைத் தேடி மலை மலையாக ஏறி இறங்குவது அவன் தொழில். என்னைவிட ஆறு வயது இளையவன். இருவருக்கும் ஒரே நெற்றி, ஒரே நடை, தும்மினால் இரண்டு தடவை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லாம், “அண்ணன் தம்பி அச்சு அசல் ஒண்ணா இருக்கீங்களே” என்பார்கள். நான் மனசுக்குள் கழித்துப் பார்ப்பேன். நெற்றி அடிபட்டுப் போகும், நடை போகும், தும்மல் போகும். என் பக்கம் மூளை மிஞ்சும். அவன் பக்கம் சிரிப்பு மிஞ்சும்.

அவனை நான் வெறுத்தேன் என்று எழுதாதீர்கள். அந்த அளவுக்கு அவன் பெறுமானமுள்ளவன் இல்லை.

போன வருஷம் இரண்டாம் முறையாக மழை பொய்த்தது. மலையடிவாரத்து ஊர்களில் விளைச்சல் இல்லை. சனங்கள் காட்டுக்குள் போய்க் கொடிக்கிழங்கைத் தோண்ட ஆரம்பித்தார்கள். சில கிழங்கு சோறு மாதிரி, சில கிழங்கு விஷம். எது எது என்று கண்ணால் பார்த்தே சொல்ல ஒரு சுலபமான வழி வேண்டும் என்று மேலிடத்திலிருந்து நிலையத்துக்குக் கேட்டு எழுதினார்கள். தம்பி பத்தே நாளில் அறிக்கை கொடுத்தான். நாற்பத்தெட்டு வகைக் கொடிகளைப் பார்த்திருந்தான். இலையின் அடிப்பக்கத்தில் சுனை, அதாவது தொட்டால் அரிக்கிற மெல்லிய முடி, இருந்தால் கிழங்கில் நஞ்சு. வழவழப்பாக இருந்தால் நஞ்சு இல்லை. நாற்பத்தாறு வகைகள் அதற்குப் பொருந்தின. மீதி இரண்டும் சுனை இருந்தும் நஞ்சு இல்லாதவை. அதைப் பற்றிக் கேட்டபோது, “தப்புனாலும் நல்ல பக்கமாத்தானே தப்புது” என்றான். அறை முழுக்கச் சிரித்தது. இயக்குநர், “ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். இவர் நாப்பத்தெட்டுச் சோறு பாத்திருக்காரே” என்றார்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரி. எத்தனை பானை என்று ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே போகிற எந்த அறிக்கையையும் கணக்குப் பிரிவில் ஒருவர் பார்க்க வேண்டும். பார்த்தவர் யார் என்று எழுதியவருக்குச் சொல்ல மாட்டோம். மற்றவர்கள் அரைப் பக்கத்துக்குப் பாராட்டு எழுதி, கீழே ஒப்புதல் கொடுப்பார்கள். நான் குறைகளை எழுதுவேன். குறையே இல்லை என்றால் ‘திருத்தம் இல்லை’ என்று இரண்டு சொல் மட்டும் எழுதுவேன். இருபத்தாறு வருஷத்தில் நான்கு தடவை எழுதியிருக்கிறேன். என் இரண்டு சொல்லைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்த ஆள்கூட உண்டு. அதனால் பார்த்தவர் பெயர் தெரியாது என்பதெல்லாம் என் விஷயத்தில் வெறும் பேச்சு.

தம்பியின் அறிக்கை என் மேஜைக்கு வந்தது. ஒரு முற்பகலில் முடித்துவிட்டேன். அவனுடைய நாற்பத்தெட்டில் முப்பத்தொன்பது ஒரே கிளை. அவற்றின் முன்னோர் ஒருவர் ஒரு காலத்தில் சுனையையும் விட்டார், நஞ்சையும் விட்டார். அவ்வளவுதான். அந்தக் கிழவரைத்தான் என் தம்பி முப்பத்தொன்பது தடவை எண்ணியிருந்தான். கழித்துப் பார்த்தால் கணக்குக்குத் தேறியவை மூன்றே கவைகள். ஒன்று ஆமாம் என்றது, இரண்டு இல்லை என்றன. ஆமாம் என்றது கிழவர் நிற்கிற கவை. சுனைக்கும் நஞ்சுக்கும் சம்பந்தம் உண்டு என்று சொல்ல அவனிடம் ஒன்றுமே இல்லை. காசைச் சுண்டிப் போட்டுவிட்டுக் கிழங்கைத் தின்னலாம்.

அதோடு நாற்பத்தொன்பதாவது ஒன்று இருந்தது. செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிப் பாதுகாக்கிற கூடத்தில், பதினேழாம் அலமாரியில், பழுப்பேறிய ஒரு தாள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் அங்கிருந்த எல்லாத் தாள்களுக்கும் நான்தான் பட்டியல் எழுதினேன். அந்த வேலையை யாரும் செய்ய விரும்பவில்லை. நான் செய்தேன், மறக்கவும் இல்லை. சுனைக் கிளையைச் சேர்ந்த கொடி, ஆனால் வழவழப்பு இலை. சேகரித்தவர் ஓரத்தில் எழுதியிருந்தார்: இடம்புரிக் கொடி, கிழங்கைத் தோண்டித் தின்ற பன்றிகள் செத்தன. தம்பியின் முப்பத்தொன்பதும் வலமாகச் சுற்றி ஏறுகிறவை. இது மட்டும் இடமாகச் சுற்றி ஏறும். கிடைத்த இடம் என்று ஒரு மலைச்சரிவின் பெயர் இருந்தது. சனங்கள் தோண்டிக்கொண்டிருந்ததும் அதே சரிவில்தான்.

கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளை ‘அலமாரி அம்மா’ என்போம். தாள் எடுத்தால் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், எடுத்த இடத்தில் ஒரு மஞ்சள் சீட்டு வைக்க வேண்டும், யாரிடம் இருக்கிறது என்று அடுத்து வருகிறவருக்குத் தெரியும்படி. நான் கையெழுத்துப் போட்டேன், தாளை எடுத்தேன், சீட்டையும் வைத்தேன். வாசல்வரை வந்தவன் திரும்பிப் போய்ச் சீட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பதிவேட்டில் ஏன் பொய் எழுதவில்லை என்று நேற்று கேட்டீர்கள். பதிவேட்டில் பொய் எழுதுகிறவன் இல்லை நான்.

ஏன் செய்தேன் என்பதற்கு நீங்கள் பெரிதாக ஏதோ எதிர்பார்க்கிறீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. அதற்கு ஒரு வாரம் முன்னால் இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, “கணக்கெல்லாம் இப்ப கணினியே போட்டுடுதுல்ல? உங்க பிரிவை வெளிக்களத்தோட சேத்துடலாம்னு இருக்கேன். தம்பிக்குக் கீழதானே, அந்நியமா என்ன?” என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். மத்தியானம் தம்பி என் அறைக்கு வந்தான். கதவைத் தட்டவில்லை, அவன் எப்போதும் தட்டியதில்லை.

“அண்ணா, நீ எதையும் மனசுல வச்சுக்காத. உன் அறை உனக்குத்தான். உன்னை யாரும் தொந்தரவு பண்ணாம நான் பாத்துக்கிறேன்” என்றான். பிறகு என் தோளில் தட்டிக்கொடுத்தான். மூன்று தடவை.

அந்தத் தட்டலுக்காகத்தான் செய்தேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், அவன் இரக்கப்பட்டான். கிழங்கு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற ஒருவன் என்னைப் பார்த்து இரக்கப்பட்டான்.

என் திட்டம் சாதாரணமானது. அறிக்கை அச்சாகட்டும், ஊர் ஊராகப் போகட்டும். நாற்பது நாள் கழித்து ஆண்டுக் கூட்டம். வெளியூர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். அங்கே எழுந்து, கவை கவையாகக் கழித்துக் காட்டி, கடைசியில் அந்தப் பழுப்புத் தாளை மேஜையில் வைக்க வேண்டும். மூன்றே கவை, ஒரு தாள். பத்து நிமிஷம் போதும். அப்புறம் யாரை யாரோடு சேர்ப்பது என்பதை இயக்குநர் புதிதாக யோசித்துக்கொள்ளலாம்.

தாளை நான் எடுத்த மூன்றாம் நாள் அலமாரி அம்மா வராந்தாவில் என்னைப் பார்த்துச் சொன்னார்: “உங்க தம்பி வந்து பதினேழாம் அலமாரி முழுக்கப் பாத்துட்டுப் போனாரு சார். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எதுவும் விட்டுப்போச்சான்னு ஒரு தடவை பாத்துக்கிறேன்னாரு.”

“ஏதாவது கெடச்சுதா?”

“எல்லாம் சரியாத்தான் இருக்குன்னாரு.”

தேடிய அலமாரி சரியானதுதான். கிடைக்காமல் போனது அவன் தப்பில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்ணில் படாததை உலகத்திலேயே இல்லை என்று எடுத்துக்கொண்டான் பாருங்கள், அது அவன் தப்பு. அன்று சாயங்காலம் அவன் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ‘திருத்தம் இல்லை’ என்று எழுதி அனுப்பினேன். ஐந்தாவது தடவை. மறுநாள் தம்பி வராந்தா முழுக்க இனிப்புக் கொடுத்துக்கொண்டு வந்தான். என்னிடம் காரணம் சொல்லவில்லை. பார்த்தவர் யார் என்று தெரியக் கூடாதல்லவா. கண்ணை மட்டும் சிமிட்டினான்.

துண்டுத்தாள் அச்சானது. மேலே ஒரு வழவழப்பு இலையின் படம், கீழே ‘இதைத் தோண்டலாம்’. படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும்படி இருந்தது. அதில் தம்பி கெட்டிக்காரன்.

இருபத்தோராம் நாள் முதல் செய்தி வந்தது. ஒரே கொல்லையைப் பகிர்ந்துகொண்ட இரண்டு பங்காளி வீடுகளில் எட்டுப் பேர். சேர்ந்து தோண்டி, ஒரே பானையில் வேகவைத்துத் தின்றிருக்கிறார்கள். மறுநாள் ஒரு புருஷனும் பெண்சாதியும். அதே நாள் சாயங்காலம் தனியாக இருந்த ஒரு மரவெட்டி. முதலில் வாந்தி, பிறகு கை கால் மரத்துப்போகும், கடைசியில் மூச்சு.

நான் அப்போது சொல்லியிருக்கலாமே என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வி, முகத்திலேயே தெரிகிறது. கூட்டத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. அரைகுறையாகத் தொலைபேசியில் சொல்கிற விஷயமா அது? மரம் போட வேண்டும், கவைகளைக் காட்ட வேண்டும். இயக்குநர் அவசர அவசரமாக ஏதோ அறிவிப்பார், யாரும் கணக்கைப் பார்க்க மாட்டார்கள். கிழங்கு கெட்டது என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும். எதனால் தப்பு நடந்தது என்பது யாருக்கும் தெரியாமலே போகும்.

தம்பி அன்று என் அறைக்கு வந்தான். அன்று மட்டும் கதவைத் தட்டினான். முகம் வெளுத்திருந்தது.

“இலையைத் திருப்பிப் பாக்காம தோண்டியிருப்பாங்களோ அண்ணா?” என்றான்.

“இருக்கலாம்” என்றேன்.

“துண்டுத்தாளை நம்ப மாட்டேங்கிறாங்களாம். நல்ல கெழங்கையும் தூக்கிப் போட்டுட்டுப் பசியோட கெடக்கிறாங்களாம். நானே போய்த் தோண்டி, அவங்க முன்னாடி சாப்பிட்டுக் காட்டுறேன்.”

என் மேஜை இழுப்பறைக்கும் அவன் முழங்காலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. இழுப்பறைக்குள் அந்தத் தாள் இருந்தது. போய்விட்டு வா என்று சொன்னேன்.

மறுநாள் காலை கிளம்பிப் போனான். தாவரவியல் படிக்கிற தன் மகளையும் கூட்டிக்கொண்டு போனான், லீவுதானே என்று. அன்று மத்தியானம் சாப்பிட்டுக் காட்டினான். மகளைத் தொட விடவில்லை, முதலில் நான் என்று சொல்லியிருக்கிறான். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான்.

அவன் மனைவி சாவு வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நீங்க பாத்து எழுதினதுன்னுதான் இவரு அவ்வளவு தைரியமா இருந்தாரு. எங்கண்ணன் குத்தம் கண்டுபிடிக்கலேன்னா கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு” என்றாள். நான் ஆறுதல் சொன்னேன். யாருக்காவது அங்கே ஒழுங்காகப் பேச வர வேண்டுமே.

பிறகு அலமாரி அம்மா தன் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்தார். முப்பது வருஷமாகச் சீட்டு வைக்கவில்லை என்று எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தவர், ஒரு சீட்டு இல்லாததைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த நிலையத்தில் என்னைத் தவிர வேலை தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

இன்னும் ஒன்று பாக்கி. நீங்கள் இதுவரை கேட்கவில்லை. தம்பி சாப்பிட்டுக் காட்டிய அன்று மத்தியானம் மலையடிவாரத்திலிருந்து என் அறைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது என்பது உங்கள் கோப்பில் இருக்கிறது. அவன் விழுந்துவிட்டான் என்ற செய்தி என்று நினைத்திருப்பீர்கள். நேரத்தைச் சரியாகப் பாருங்கள். அவன் சாப்பிடுவதற்கு முன்னால் வந்த அழைப்பு அது.

தம்பி மகள் பேசினாள். “பெரியப்பா, அப்பா கெழங்கை வேகவச்சுட்டாங்க. சாப்பிடறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. எல வழவழன்னுதான் இருக்கு. ஆனா கொடி இடப்பக்கமாச் சுத்துது. பட்டியல்ல வழவழன்னு இருக்கிறது எல்லாமே வலப்பக்கம். அதனால எதுவும் மாறுமான்னு கேக்கிறாங்க. நீங்க சொன்னாச் சரியாம்.”

ஐம்பது வருஷத்தில் என் தம்பி கேட்ட ஒரே நல்ல கேள்வி அது. எனக்கு ஆச்சரியமாகவே இருந்தது. அவனுக்கு அது கண்ணில் பட்டிருக்கிறது. தானாகவே பட்டிருக்கிறது.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். நான் கவனித்துப் பார்த்தேன். தொலைபேசியைப் பிடித்திருந்த கை ஆடவில்லை. “திருத்தம் இல்லைன்னு சொல்லு” என்றேன்.

“தேங்க்ஸ் பெரியப்பா” என்று வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான். இப்போது நீங்கள் எழுதியதைக் கொடுங்கள், படித்துப் பார்க்கிறேன்.

கையெழுத்து மோசமில்லை. ஒரே ஓர் இடம். இரண்டாம் பக்கத்தில், இறந்தவர்கள் பன்னிரண்டு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு நேரம் சொன்னதை நீங்களும் தலையாட்டிக்கொண்டுதான் கேட்டீர்கள் போலிருக்கிறது. பங்காளிகள் எட்டுப் பேர் ஒரே பானை, அது ஒன்று. புருஷன் பெண்சாதி ஒரே பானை, அதுவும் ஒன்று. மரவெட்டி ஒன்று. ஆக மூன்று. தம்பியைப் பற்றிக் கேட்பீர்கள். அவனும் நானும் ஒரே கவை. ஒரே கவையில் ஒருவன் உயிரோடு உட்கார்ந்து உங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது அதைச் சாவுக் கணக்கில் எப்படிச் சேர்ப்பீர்கள்? பன்னிரண்டை அடித்துவிட்டு மூன்று என்று எழுதுங்கள், பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

மற்றபடி, திருத்தம் இல்லை.